பெண்டிக்ஸ் வாஷிங் மெஷினை உண்மையில் செய்தது யார்? பெயரை மட்டும் கொடுத்த வின்சென்ட் பெண்டிக்ஸின் கதை

காரில் சாவியைத் திருப்புகிறீர்கள். செல்ஃப் மோட்டார் சும்மா கிர்ரென்று சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் அசையவில்லை. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, பெண்டிக்ஸ் போயிருக்கு சார் என்கிறார். நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்களில் தினமும் புழங்கும் வார்த்தை இது. பெண்டிக்ஸ் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே பெயர்தான் வீட்டில் தானாகத் துணி துவைத்த முதல் ஃப்ரண்ட் லோடிங் வாஷிங் மெஷின் மீதும் இருந்தது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பழைய வாஷிங் மெஷின்களைத் தேடிப்பிடித்து, பழுது பார்த்து, பொக்கிஷம் போல வைத்திருப்பவர்களுக்கு பெண்டிக்ஸ் என்றால் தனி மரியாதை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் துணி புரண்டு புரண்டு விழுவதை, சின்ன வயதில் தரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த தலைமுறை அது.

ஆனால் ஒரு விஷயம். அந்த மெஷினை வின்சென்ட் பெண்டிக்ஸ் கண்டுபிடிக்கவில்லை. அவருடைய தொழிற்சாலையும் அதைத் தயாரிக்கவில்லை. அப்படியென்றால் அவர் பெயர் எப்படி அதன்மேல் வந்தது? உண்மையில் அதைச் செய்தது யார்?

யார் இந்த வின்சென்ட் பெண்டிக்ஸ்?

1881 ஆகஸ்ட் 12. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள மோலின் நகரில் பிறந்தார். அப்பா ஸ்வீடனிலிருந்து குடியேறிய மெத்தடிஸ்ட் போதகர். குடும்பத்தின் உண்மையான பெயர் பெங்ட்சன். அமெரிக்காவுக்கு வந்தபிறகுதான் அது பெண்டிக்ஸ் ஆனது. அதாவது, பின்னாளில் கோடிக்கணக்கான பொருட்களில் அச்சான அந்தப் பெயரே, புது ஊருக்காக மாற்றிக்கொண்ட பெயர்தான்.

16 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி நியூயார்க் போனார். அங்கே லிஃப்ட் இயக்கும் வேலை உட்படக் கிடைத்த வேலையைச் செய்தார். கூடவே இன்ஜினீயரிங் கற்றுக்கொண்டார். மோட்டார் வாகனங்கள் அப்போதுதான் தெருவுக்கு வர ஆரம்பித்திருந்த காலம். பையனுக்கு அதன்மேல் பைத்தியம்.

1907-ல் சிகாகோவில் தன் பெயரிலேயே ஒரு கம்பெனி ஆரம்பித்து, பெண்டிக்ஸ் மோட்டார் பக்கி என்ற வண்டியைத் தயாரித்தார். இரண்டே வருஷத்தில் கம்பெனி படுத்துவிட்டது. சொந்தமாக ஒரு முழு வண்டியைச் செய்து விற்கும் முயற்சியில் கிடைத்த முதல் அடி இது. அதற்குப் பிறகு அவர் வேறு பாதையைப் பிடித்தார். முழு வண்டி வேண்டாம், எல்லா வண்டிக்கும் தேவைப்படும் ஒரு சின்ன பாகம் போதும்.

கையை உடைத்த ஹேண்டிலும் ஒரு சின்ன பல் சக்கரமும்

அந்தக் காலத்தில் காரை ஸ்டார்ட் செய்ய முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். நம் ஊரில் பழைய லாரிகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இன்ஜின் திடீரென்று எதிர்ப்பக்கம் உதைத்தால் ஹேண்டில் கையை முறித்துவிடும்.

1912-ல் கேடிலாக் கார்களில் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்தது. ஆனால் எல்லாக் கார்களுக்கும் அது போய்ச் சேர வேண்டுமென்றால் ஒரு சிக்கலைத் தீர்க்க வேண்டியிருந்தது. ஸ்டார்ட்டர் மோட்டாரின் பல் சக்கரம், இன்ஜினின் ஃப்ளைவீலோடு ஒரு சில நொடிகள் மட்டும் சேர வேண்டும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் உடனே விலகிவிட வேண்டும். விலகாவிட்டால் இன்ஜினின் வேகத்தில் மோட்டாரே சிதறிவிடும்.

பெண்டிக்ஸ் கண்டுபிடித்த தீர்வு ரொம்ப எளிமையானது. ஒரு போல்ட்டில் நட்டைக் கோர்த்து, போல்ட்டை மட்டும் சட்டென்று சுற்றினால் என்ன ஆகும்? நட்டு கூடவே சுற்றாமல் மரை வழியாக நகரும். அதே தத்துவம்தான். மோட்டார் சுற்ற ஆரம்பித்ததும் பல் சக்கரம் மரையில் நகர்ந்து ஃப்ளைவீலைப் பிடிக்கும். இன்ஜின் ஸ்டார்ட் ஆகி அதைவிட வேகமாகச் சுற்றினால், அதே மரை வழியாகப் பல் சக்கரம் பின்னால் தள்ளப்படும். அவ்வளவுதான். இதற்குப் பெயர் பெண்டிக்ஸ் டிரைவ்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தப் பாகத்தையும் அவர் சொந்தத் தொழிற்சாலையில் செய்யவில்லை. நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா நகரில் சைக்கிள் பிரேக் தயாரித்துக் கொண்டிருந்த எக்லிப்ஸ் மெஷின் கம்பெனிக்கு உரிமம் கொடுத்தார். செய்தது எக்லிப்ஸ். பெயர் பெண்டிக்ஸ். ஒவ்வொரு பாகத்துக்கும் அவருக்கு ராயல்டி.

1914-ல் செவ்ரோலே கார்களில் பெண்டிக்ஸ் டிரைவ் இடம்பிடித்தது. 1919-க்குள் தயாரிப்பு 15 லட்சத்தைத் தொட்டது. ஹேண்டில் சுற்றும் பலம் இல்லாதவர்களும் காரைத் தாங்களே எடுத்துக்கொண்டு போக முடிந்தது.

இன்றைய வண்டிகளில் அந்த அமைப்பு பெரும்பாலும் மாறிவிட்டது. ஆனால் நம் மெக்கானிக்குகள் இன்னும் அந்தப் பாகத்தை பெண்டிக்ஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பிரேக்கிலிருந்து விமானம் வரை

அடுத்தது பிரேக். இதுவும் அவர் கண்டுபிடிப்பு அல்ல. பிரான்ஸ் நாட்டு இன்ஜினீயர் ஹென்றி பெர்ரோ உருவாக்கிய பிரேக் அமைப்பின் உரிமையை அவரிடமிருந்து வாங்கி, 1920-களில் அமெரிக்காவில் பெரிய அளவில் தயாரிக்க ஆரம்பித்தார். தொழிற்சாலை இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் இருந்தது. கார்கள் வேகமாக ஓட ஆரம்பித்த காலத்தில் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் என்பது அவசியமானது. பணம் கொட்டியது.

1929-ல் கம்பெனியின் பெயர் பெண்டிக்ஸ் ஏவியேஷன் என்று மாறியது. காரைத் தாண்டி விமானத்துக்கான பிரேக், கருவிகள், பின்னர் ரேடியோ என்று வியாபாரம் விரிந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 24 சதவீதப் பங்குகளை வாங்கியது. 1931-ல் அவர் அமெரிக்க ஆட்டோமோட்டிவ் இன்ஜினீயர்கள் சங்கத்தின் தலைவரானார்.

அதே 1931-ல் பெண்டிக்ஸ் டிராஃபி என்ற விமானப் பந்தயம் தொடங்கியது. அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கும் பந்தயம் அது. முதல் வருஷம் ஜெயித்தவர் ஜிம்மி டூலிட்டில். 1936-ல் ஆண் விமானிகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளி லூயிஸ் தாடன் என்ற பெண் விமானி கோப்பையைத் தூக்கினார். கூடப் பறந்தவர் பிளாஞ்ச் நோய்ஸ். அந்தச் செய்தியிலும் பெண்டிக்ஸ் பெயர்தான் முன்னால் நின்றது.

மனுஷன் செலவு செய்வதிலும் மன்னன். 1928-ல் சிகாகோவின் புகழ்பெற்ற பாமர் மாளிகையை வாங்கினார். ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் ஸ்வென் ஹெடினுக்குப் பணம் கொடுத்து, சீனாவின் ஜெஹோல் நகரில் இருந்த பொற்கோயிலின் அச்சு அசலான நகலைச் செய்ய வைத்தார். 1933 சிகாகோ உலகக் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது.

1930-களின் நடுவில் அமெரிக்காவில் பெண்டிக்ஸ் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். நம்பகமான இன்ஜினீயரிங். நம் கதையின் வாஷிங் மெஷின் நுழைவது இந்த இடத்தில்தான்.

பெயருக்கு விலை 25 சதவீதம்

1936. சவுத் பெண்ட் நகரில் ஒரு புதுக் கம்பெனி. விற்பனையில் கில்லாடியான ஜட்சன் சேயர் அதன் பின்னணியில் இருந்த முக்கியமான ஆள். அவர்களிடம் ஒரு மெஷின் இருந்தது. அதை உருவாக்கியவர் ஜான் சேம்பர்லின் என்ற இன்ஜினீயர். துவைப்பது, அலசுவது, பிழிவது மூன்றையும் இடையில் மனிதக் கை படாமல் ஒரே டிரம்மில் முடிக்கும் மெஷின்.

அன்றைய நிலைமையைப் புரிந்துகொண்டால்தான் இதன் மதிப்பு தெரியும். மின்சார வாஷிங் மெஷின்கள் அப்போதே இருந்தன. ஆனால் அவை துணியைக் கலக்குவதோடு சரி. பிழிய வேண்டுமென்றால், ஒவ்வொரு துணியாக எடுத்து இரண்டு ரப்பர் உருளைகளுக்கு நடுவே கையால் நுழைக்க வேண்டும். கரும்பு மெஷினில் கரும்பை நுழைப்பது மாதிரி. விரலும் கையும் சிக்கிக்கொள்ளும் விபத்துகள் நடந்தன. அலசுவதற்குத் தண்ணீரை மாற்றுவதும் வீட்டுக்காரர் வேலைதான். துவைக்கும் நாள் என்றால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

புது மெஷின் இதையெல்லாம் தானே செய்யும். ஆனால் பெயர் தெரியாத கம்பெனி சொன்னால் யார் நம்புவார்கள்? பொருளாதார மந்தநிலையின் வலி இன்னும் தீராத காலம் வேறு.

அவர்கள் போய் நின்ற இடம் வின்சென்ட் பெண்டிக்ஸ். மெஷினை ஓட்டிக் காட்டினார்கள். பேச்சுவார்த்தை முடிந்தது. பெண்டிக்ஸ் என்ற பெயரைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அதற்குப் பதிலாகப் புதுக் கம்பெனியில் 25 சதவீதப் பங்கு பெண்டிக்ஸ் ஏவியேஷனுக்கு. கம்பெனிக்கு வைத்த பெயர் பெண்டிக்ஸ் ஹோம் அப்ளையன்சஸ்.

கார் பிரேக்கும் விமானக் கருவியும் செய்த பெண்டிக்ஸ் ஏவியேஷன் வேறு. வாஷிங் மெஷின் செய்த பெண்டிக்ஸ் ஹோம் அப்ளையன்சஸ் வேறு. இரண்டும் ஒரே ஊர், ஒரே பெயர். அதனால்தான் விமானக் கம்பெனி செய்த வாஷிங் மெஷின், அதுதான் இவ்வளவு கெட்டி என்று நினைக்கத் தோன்றுகிறது. உண்மை அது இல்லை.

அந்த மெஷின் எப்படி வேலை செய்தது?

1937-ல் லூசியானா மாநிலக் கண்காட்சியில் மக்கள் முன்னால் இந்த மெஷின் ஓடியது. முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு. உள்ளே படுக்கைவாட்டில் சுழலும், துளைகள் போட்ட டிரம்.

சுழலும் டிரம் என்பது புது யோசனை அல்ல. 1851-லேயே ஜேம்ஸ் கிங் என்ற அமெரிக்கர் கையால் சுற்றும் டிரம் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். சேம்பர்லினின் மெஷினில் புதிது என்னவென்றால், தண்ணீர் பிடிப்பது முதல் பிழிவது வரை எல்லாப் படிகளையும் வரிசையாக டைமர் பார்த்துக்கொண்டதுதான்.

டிரம் சுழலும்போது துணி மேலே போய்த் தொப்பென்று தண்ணீரில் விழும். துவைக்கிற கல்லில் துணியை அடிப்பதற்குச் சமமான வேலை அது. முழுத் துணியும் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் தேவையில்லை. இன்றைக்கும் ஃப்ரண்ட் லோடிங் மெஷின் குறைவான தண்ணீரில் துவைப்பதற்கு இதே காரணம்தான்.

ஒரே ஒரு பெரிய குறை இருந்தது. டிரம்மின் அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு அந்த மெஷினில் இல்லை. பிழியும் வேகத்தில் மெஷின் அறை முழுக்க நடக்க ஆரம்பித்துவிடும். அதனால் தரையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. இன்றைய மெஷின்களில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பரோடு, உள்ளே கனமான கான்கிரீட் கட்டியும் வைக்கிறார்கள். உங்கள் ஃப்ரண்ட் லோடிங் மெஷினைத் தூக்க இரண்டு மூன்று பேர் தேவைப்படுவது அதனால்தான்.

விலையும் அதிகம்தான். 1947-ல் வந்த டீலக்ஸ் மாடலின் விலை 249.50 டாலர். ஆனாலும் மெஷின் விற்றது. 1941-க்குள் 3.3 லட்சம் மெஷின்கள் தயாரிக்கப்பட்டன. பிறகு இரண்டாம் உலகப் போருக்காகத் தயாரிப்பு நின்றது.

பெயர் ஏறியது, மனிதர் இறங்கினார்

பெண்டிக்ஸ் வாஷிங் மெஷின் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த அதே வருஷங்களில், வின்சென்ட் பெண்டிக்ஸ் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்.

நிலத்திலும் கட்டடங்களிலும் போட்ட பணம் மந்தநிலையில் கரைந்தது. கடன் மேல் கடன். 1939-ல் தனிப்பட்ட முறையில் திவால் ஆனதாக அறிவித்தார். 1942-ல் பெண்டிக்ஸ் ஏவியேஷனை விட்டே வெளியேறினார். தன் பெயர் எழுதிய கட்டடத்துக்குள் அவருக்கு வேலை இல்லை. போர்க்காலத்தில் அந்தக் கம்பெனிக்கு ராணுவ ஆர்டர்கள் குவிந்தபோது, அவர் அங்கே இல்லை.

ஆனால் மனுஷன் ஓயவில்லை. 60 வயதுக்கு மேல் ஹெலிகாப்டர் கம்பெனி ஒன்றை ஆரம்பித்தார். போர் முடிந்ததும் சாதாரண மக்கள் ஹெலிகாப்டரில் போவார்கள் என்பது அவர் கணக்கு. அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1945 மார்ச் 27 அன்று நியூயார்க்கில் மாரடைப்பால் இறந்தார். வயது 63.

அதே வருஷக் கடைசியில் பெண்டிக்ஸ் வாஷிங் மெஷின் தயாரிப்பு மறுபடி தொடங்கியது. 1950-க்குள் மொத்த விற்பனை 20 லட்சத்தைத் தாண்டியது. பெயருக்குச் சொந்தக்காரர் மண்ணுக்குள் போனபிறகுதான், அந்தப் பெயர் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் வந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பெயர் எங்கெல்லாம் போனது?

- 1950: வாஷிங் மெஷின் கம்பெனி ஆவ்கோ நிறுவனத்தின் கைக்குப் போனது.
- 1956: ரேடியோ, டிவி தயாரித்த ஃபில்கோ வாங்கியது.
- 1961: ஃபில்கோவையே ஃபோர்டு கார் கம்பெனி வாங்கியது.

கார் பாகத்தில் பிறந்த பெயர், வாஷிங் மெஷின் வழியாகச் சுற்றி மறுபடியும் ஒரு கார் கம்பெனியிடமே வந்து சேர்ந்தது.

பிரிட்டனில் கதை இன்னும் சுவாரசியம். அங்கே பெண்டிக்ஸ் மெஷின்களைச் செய்தது அமெரிக்கக் கம்பெனி அல்ல. கார்களுக்கு பாடி செய்துகொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற கம்பெனி. 1960-களில் லிவர்பூல் அருகே உள்ள கிர்க்பி தொழிற்சாலையில் இந்த மெஷின்கள் தயாராகின. தொழிற்சாலைக்குப் பெயரே ஃபிஷர் பெண்டிக்ஸ்.

பின்னர் அதை வாங்கிய தார்ன் நிறுவனம், தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவித்தது. 1972 ஜனவரியில் தொழிலாளர்கள் தொழிற்சாலைக்குள் புகுந்து, அதைத் தங்கள் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டார்கள். அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஹெரால்ட் வில்சன் பேச்சுவார்த்தைக்கு உதவினார். தொழிற்சாலை தப்பித்தது. பின்னர் அரசு உதவியோடு தொழிலாளர்களே நடத்தும் கூட்டுறவு நிறுவனமாகவும் மாறியது. 1979 வரை தாக்குப்பிடித்தது.

அந்தத் தொழிலாளர்களில் யாரும் வின்சென்ட் பெண்டிக்ஸைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. கதவில் இருந்த பெயர் அவருடையது. டிரம்மைப் பொருத்தியதும் போல்ட்டை இறுக்கியதும் இவர்கள் கை.

சரி, கடைசியில் யார்தான் செய்தது?

மெஷினை வடிவமைத்தவர் ஜான் சேம்பர்லின். சந்தைக்குக் கொண்டுபோனவர் ஜட்சன் சேயர். செய்தவர்கள் சவுத் பெண்ட் தொழிலாளர்களும், பிரிட்டனில் கிர்க்பி தொழிலாளர்களும். வின்சென்ட் பெண்டிக்ஸ் கொடுத்தது பெயர்.

அதற்காக அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியாது. அந்தப் பெயருக்கு மதிப்பு சும்மா வரவில்லை. கையை முறிக்கும் ஹேண்டிலிலிருந்து ஓட்டுநர்களைக் காப்பாற்றிய பல் சக்கரம் அவருடைய மூளையில் உதித்தது. அடுத்தவர் கண்டுபிடித்த நல்ல பிரேக்கை லட்சக்கணக்கான கார்களுக்குக் கொண்டுபோனது அவருடைய சாமர்த்தியம். அந்த நம்பிக்கையைத்தான் அவர் வாடகைக்கு விட்டார். அது இல்லாமல் சேம்பர்லினின் மெஷின் கண்காட்சியோடு நின்றிருக்கவும் கூடும். ஆனால் வரலாறு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, சேம்பர்லினைக் கிட்டத்தட்ட மறந்துவிட்டது.

இது பழங்கதை மட்டுமில்லை. இன்றைக்கும் ஒரு கம்பெனி செய்யும் மெஷின் இன்னொரு கம்பெனி பெயரில் விற்பனைக்கு வருவது சகஜம். அடுத்த முறை வாஷிங் மெஷின் வாங்கும்போது, முன்னால் மின்னும் பெயரோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பின்பக்கம் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரையும் படியுங்கள். தயாரித்தவர் யார், சந்தைப்படுத்துபவர் யார், பழுதானால் ஸ்பேர் யாரிடம் கிடைக்கும் என்பதற்கெல்லாம் பதில் பெரும்பாலும் அந்தச் சின்ன எழுத்தில்தான் இருக்கிறது.